பதின்ம வயதினரின் தன்னம்பிக்கையும் தோழமைத் துணையும்: டத்தோ கிராமாட் வட்டாரத்தை முன்வைத்து

ஜார்ஜ்டவுன் மாநகரில் கொம்தார் கோபுரத்தின் அருகிலிருந்து பாடாங் பிரவுன் திடல்வரை நீண்டு செல்லும் டத்தோ கிராமாட் சாலையைப் பினாங்குத் தமிழர் யாவரும் அறிவர். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலையை நோக்கிச் செல்லும் வெள்ளி ரதம் கடந்துபோகும் சாலைகளுள் இதுவும் ஒன்று. முன்னாளில் ஈய உருக்காலை இயங்கிய இடத்தில் இன்று வணிக வளாகம் எழுந்து நிற்கின்றது. பினாங்குச் சிறைச்சாலையின் மதிலும் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. பள்ளிவிடும் நேரத்தில் இச்சாலையோரப் பேருந்து நிறுத்தங்களில் நிற்கும் மாணவரைச் சற்றே கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். கூட்டமாக நின்று உரக்கப் பேசிச் சிரிப்போர் ஒருபுறம் இருக்க, புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எவர் முகத்தையும் பாராது தனித்து நிற்கும் பிள்ளைகளும் அங்கே இருப்பர். இக்கட்டுரை அவ்வாறு தனித்து நிற்போரைப் பற்றியது.

மலேசியத் தமிழிளையோரைப் பற்றிய எழுத்துகளில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் நகர்ப்புறப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில்லை. தோட்டத்தில் வறுமை இருந்தது. ஆயினும் உறவும் அண்டை அயலும் கோயில் திடலும் இருந்தன. நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இவை தாமாக அமைவதில்லை. டத்தோ கிராமாட் போன்ற பழைய நகர்ப்பகுதிகளை நாம் கருத்திற்கொள்ள இதுவே காரணம்.

பதின்மூன்றாம் வயதின் இரட்டை இழப்பு

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை கடலுக்கு அப்பால் செபராங் பிறையில் உள்ளன. தீவில் இருப்பவை சிலவே. டத்தோ கிராமாட்டிற்கு அண்மையில் ஸ்காட்லாந்து சாலையில் இராமகிருஷ்ணா தமிழ்ப்பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளியில் ஏழு வயதில் ஒன்றாய்ச் சேரும் பிள்ளைகள் ஆறாண்டுகள் ஒரே வகுப்பில், ஒரே மொழியில், ஏறத்தாழ ஒரே கூட்டமாக வளர்கின்றனர். தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றது. மலேசியாவில் தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லை. எனவே பதின்மூன்றாம் வயதில் அக்கூட்டம் பல தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகின்றது.

இப்பிரிவோடு இன்னொன்றும் சேர்கின்றது. தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயிலும் முறை பல்லாண்டுக் காலமாக இருந்து வந்துள்ளது. 1988 முதல் நடத்தப்பட்டு 2021இல் அகற்றப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் முடிவே நெடுங்காலம் இதனை வரையறுத்தது. மொழிப் பயிற்சி என்ற வகையில் இவ்வகுப்பின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மாணவன் கண்கொண்டு இதனைக் காண வேண்டும். நேற்றுவரை அருகில் அமர்ந்திருந்த நண்பன் முதலாம் படிவத்தில் இருக்கிறான், தான் இல்லை. அடுத்த ஆண்டு அவன் இரண்டாம் படிவம். தான் அப்போதுதான் முதலாம் படிவம். தன்னைவிட ஒரு வயது இளையவரோடு அமரும் அம்மாணவன், 'நான் பின்தங்கியவன்' என்பதை எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறான்.

ஆக, பழகிய தோழமை, பழகிய மொழி ஆகிய இரண்டும் ஒரே ஆண்டில், அதுவும் உடலும் உள்ளமும் பெரும் மாற்றத்திற்கு உள்ளாகும் பருவத்தில், கைவிட்டுப் போகின்றன. எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில், 'நான் யார்?' என்னும் வினாவிற்கு விடை தேடும் பருவமாகவே பதின்ம வயதைக் குறித்தார். அவ்விடையை இளையோர் வீட்டில் மட்டும் தேடுவதில்லை. தம் வயதினரின் கண்களிலும் தேடுகின்றனர். அக்கண்களே அந்நியமாகிவிடும்போது விடை எங்கிருந்து வரும்?

தன்முனைப்பும் தன்னம்பிக்கையும்

நம் நாட்டில் இச்சிக்கலுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து 'தன்முனைப்பு முகாம்'. (தமிழ்நாட்டு வாசகர்க்கு இச்சொல் வியப்பளிக்கலாம். அங்கே தன்முனைப்பு என்பது செருக்கைக் குறிக்க, இங்கே ஊக்கத்தைக் குறிக்கும் நற்சொல்லாக நிலைபெற்றுவிட்டது.) மண்டபத்தில் மாணவரைக் கூட்டி, பேச்சாளர் ஒருவர் உரத்த குரலில் 'உன்னால் முடியும்' என்று முழங்க, பிள்ளைகள் கண்ணீர் மல்கப் பெற்றோரைக் கட்டித் தழுவி வீடு திரும்புவர். அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் மறுநாள் அதே வகுப்பறை, அதே மேசை, அதே தனிமை.

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல், 'இச்செயலை என்னால் செய்ய முடியும்' என்னும் உறுதி மனிதனுக்கு எங்கிருந்து பிறக்கின்றது என்பதை ஆராய்ந்து நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே ஒன்றைச் செய்து வெற்றி காண்பது அவற்றுள் வலிமை மிக்கது. தன்னைப் போன்ற ஒருவர் அதனைச் செய்யக் காண்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்கமொழியும், அப்போதைய உடல், மன நிலையும் எஞ்சியவை. முழக்கம் எனப்படுவது மூன்றாவதைச் சார்ந்தது. தனித்து நின்றால் அது நெடிது நிலைப்பதில்லை. ராய் பாமைஸ்டரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், தன்மதிப்பை உயர்த்த முயல்வதால் மட்டும் கல்வித் தேர்ச்சி உயர்வதற்குச் சான்றில்லை என்றே கண்டது.

'தன்னைப் போன்ற ஒருவர்' என்ற தொடர் நம் கவனத்திற்குரியது. மேடையில் பேசும் மருத்துவரோ வழக்கறிஞரோ ஒரு புகுமுக வகுப்பு மாணவிக்குத் 'தன்னைப் போன்றவர்' அல்லர். இரண்டாண்டுகளுக்குமுன் அதே புகுமுக வகுப்பில் அமர்ந்து, மலாய்மொழியில் வாய்திறக்க அஞ்சி, இன்று இரண்டாம் படிவத்தில் தட்டுத்தடுமாறியேனும் கேள்வி கேட்கும் 'அக்கா' ஒருத்தியே அவளுக்குத் தன்னைப் போன்றவள். தோழமைத் துணையின் ஆற்றல் முழுவதும் இந்த ஒப்புமையில் அடங்கியுள்ளது.

எத்தனை பேர் துணை வேண்டும்? சாலமன் ஆஷ் என்பார் 1950களில் நடத்திய புகழ்பெற்ற சோதனை இதற்கு விடை தருகின்றது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய பணி அது. உடன் இருந்தோர் அனைவரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையைச் சொல்ல, உண்மை அறியாத ஒருவர் மட்டும் நடுவே அமர்த்தப்பட்டார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில் அவர் கண்ணால் கண்டதை விடுத்துக் கூட்டத்தோடு சேர்ந்தார். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அத்தகைய தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. பெருங்கூட்டம் தேவைப்படவில்லை, ஒருவர் போதும். 'நீ கண்டது சரிதான்' என்று உணர்த்தும் ஒரே ஒரு முகம் போதும்.

நட்பின் மறுபக்கம்

இவ்விடத்தில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நட்பு என்றவுடன் அதனை நன்மை என்றே கொள்வது தமிழ் மரபன்று. திருக்குறளில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு எனத் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் அமைந்துள்ளன. அவற்றுள் இரண்டு தீயோர் நட்பைக் கடிவன. ஒன்று நட்புக் கொள்ளுமுன் ஆராயச் சொல்வது. வள்ளுவர் நட்பைப் போற்றிய அளவிற்கு அதனை ஐயுறவும் செய்தார் எனலாம்.

மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 306 பேர் கணினியில் வாகனமோட்டும் விளையாட்டில் ஈடுபடுத்தப்பட்டனர். 13 முதல் 16 வயதினர், நண்பர் உடனிருந்தபோது தனித்து இருந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்தான முடிவுகளை எடுத்தனர். 24 வயதைக் கடந்தோரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. குண்டர் கும்பல்கள் பதின்ம வயதினரையே குறிவைப்பதன் உட்பொருளை இதனால் உணரலாம். தனித்து நிற்கும் மாணவனுக்கு முதலில் கைகொடுப்பவன் யார் என்பதே அவன் திசையைத் தீர்மானிக்கின்றது. பள்ளி அக்கையை நீட்டாவிடில் வேறொரு கை நீளும். அது பெயர் சொல்லி அழைக்கும். 'நீ எங்களில் ஒருவன்' என்று சொல்லும். கும்பல் தருவதும் ஒருவகைத் தோழமைத் துணையே என்பதை ஒப்புக்கொள்ளாமல் அதனை எதிர்கொள்ள இயலாது.

முகாம் அமைப்போர் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கப்பட்ட கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டம், நெறிபிறழக்கூடும் எனக் கருதப்பட்ட சிறுவர்க்கு ஆலோசனையும் உதவியும் பல்லாண்டுகள் வழங்கியது. ஜோன் மெக்கார்ட் அவர்களை முப்பதாண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று ஆராய்ந்தபோது, உதவி பெற்றோர் பெறாதோரைவிட நலமாக இல்லை. சிலவற்றில் தாழ்ந்தே இருந்தனர். தாமஸ் டிஷியன், மெக்கார்ட், பூலன் ஆகிய மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை, ஒரு முறைக்கு மேல் கோடைக்கால முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே இத்தீங்கு மிகுதியாக இருந்ததைச் சுட்டிக்காட்டியது. 'சிக்கல் உடையவர்' என்று முத்திரை குத்தப்பட்டவரை மட்டும் ஓரிடத்தில் கூட்டினால், அவர்கள் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகிவிடுகின்றனர். கட்டொழுங்கு ஆசிரியரின் பட்டியலில் இருந்து பெயர்களை எடுத்து முகாமுக்கு ஆள் சேர்க்கும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் நன்று.

தோழி என்னும் மரபு

அவ்வாறாயின் நல்ல தோழமைத் துணை எவ்வாறு இருக்கும்? இதற்கு மேலைநாட்டு நூல்களுக்கு மட்டுமே செல்ல வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்களில் வரும் தோழியை நினைவுகூர்ந்தால் போதும்.

தலைவி தாயிடம் சொல்ல இயலாதவற்றைத் தோழியிடம் சொல்கின்றாள். சில வேளைகளில் சொல்லவும் வேண்டுவதில்லை. உண்ணாமையும் உறங்காமையும் கண்டு தோழியே உணர்ந்துகொள்கின்றாள். அவள் உடனே அறிவுரை கூறத் தொடங்குவதில்லை. கேட்கின்றாள், உடனிருக்கின்றாள், தேவைப்படின் கடிந்தும் பேசுகின்றாள். ஆனால் தலைவியின் துயர் எல்லை மீறும்போது, மறைத்தல் தீங்காகும் என்னும் நிலை வரும்போது, தோழி அம்மறையைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. செவிலியிடம் முறையாக எடுத்துரைக்கின்றாள். செவிலி நற்றாயிடம் கூற, நற்றாய்வழி அது தந்தைக்கும் தமையன்மார்க்கும் சென்று சேர்கின்றது. இதனையே இலக்கண நூலார் 'அறத்தொடு நிற்றல்' என்றனர். மறையை வெளியிடுதலை 'அறம்' என்னும் சொல்லோடு இணைத்தது எண்ணுதற்குரியது. மேலும், தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகளாகவே காட்டுகின்றது. அதாவது, இளையவளாகிய அத்துணைவிக்குப் பின்னால், அவள் தயங்காமல் அணுகத்தக்க மூத்தவள் ஒருத்தி எப்போதும் இருக்கின்றாள்.

அகமரபு காதல் ஒழுக்கத்தைப் பாடுவது. இன்றைய பள்ளிச் சூழலோடு அதனை முற்றும் பொருத்திவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் கேட்டல், உடனிருத்தல், உரிய காலத்தில் உரிய மூத்தவரிடம் கடத்துதல் என்னும் இம்மூன்று பணிகளும் இன்றைய சகமாணவர் வழிகாட்டிக்கு அப்படியே பொருந்துகின்றன. இவற்றுள் மூன்றாவது மிக இன்றியமையாதது என்பதற்குக் காரணம் உண்டு.

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வு 2017இல் பதின்ம வயது மாணவரிடையே நடத்தப்பட்டபோது, தற்கொலை எண்ணம் தோன்றியதாகக் கூறியோர் 10.0 விழுக்காட்டினர். 2022இல் அது 13.1 விழுக்காடாக உயர்ந்தது. அதே 2022ஆம் ஆண்டு ஆய்வில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ ஐவர் அத்தகைய எண்ணத்தோடு அமர்ந்திருக்கின்றனர் என்பது இதன் பொருள். அந்த ஐவருள் ஒருவர் முதலில் சொல்லப்போவது ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அன்று. பக்கத்து இருக்கை நண்பனிடமே. 'யாரிடமும் சொல்லாதே' என்ற வேண்டுகோளோடுதான் அது சொல்லப்படும். பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் இத்தகைய மறையை ஏற்றிவைத்து, அதனைத் தனியே சுமக்கச் செய்வது கொடுமை. 'இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன்; நாம் இருவருமாக ஆசிரியரிடம் போவோம்' என்று சொல்வது துரோகம் அன்று என்பதை வழிகாட்டிக்கு முதல்நாளே கற்பித்தல் வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 2023இல் நம் நாட்டில் நீக்கப்பட்டுவிட்டது; எனவே 'சொன்னால் போலீசார் வருவரோ' என்னும் அச்சத்திற்கு இனி இடமில்லை. அமைச்சின் 15555, தாலியான் காசேயின் 15999 ஆகிய எண்களை மாணவர் மனனம் செய்திருப்பதும் பயனுடையது.

நம்மிடம் இருப்பவை

இத்தகைய துணைக்கு நாம் புதிதாக எதனையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 1950களில் சிங்கப்பூர்த் 'தமிழ் முரசு' நாளிதழின் மாணவர் மணிமன்ற மலர், மலாயாவெங்கும் இருந்த மாணவரை எழுத வைத்தது. ஓர் ஊரில் எழுதிய பிள்ளையை வேறோர் ஊர்ப் பிள்ளை படித்தது. பின்னர் அவர்களே மணிமன்றங்களாகக் கூடினர். 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே இடைநிலைப்பள்ளி மாணவர்க்குப் பாடம் சொல்லும் முறையை நாடெங்கும் பரப்பியது. ஓரிரு படிகள் மட்டும் மேலே நிற்பவர் கீழே இருப்பவர்க்குக் கைகொடுப்பதே இரண்டிலும் பொதுவாகக் காணப்படுவது.

அரசாங்க இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியரின் கீழ் 'பெம்பிம்பிங் ராக்கான் செபாயா' எனப்படும் சகமாணவர் வழிகாட்டிக் குழு உள்ளது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கையில், நன்றாகப் பேசுவோரையும் நல்ல மதிப்பெண் பெறுவோரையும் நாடுவது மனித இயல்பு. அதனால் புகுமுக வகுப்பைக் கடந்து வந்தோர் விடுபட்டுப் போக நேரும். தட்டுத்தடுமாறி மேலேறிய அவர்களே மேற்கூறிய 'தன்னைப் போன்றவர்' ஆவர். அவர்களைத் தேடிச் சேர்ப்பது ஆலோசக ஆசிரியரின் கையில் உள்ளது.

தமிழாசிரியரின் பங்கு இதனினும் பெரிது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு அமைய வேண்டும். இவ்வகுப்பை நாம் இதுகாறும் மொழிப்பாதுகாப்பு என்னும் ஒரே நோக்கில்தான் பேசி வந்துள்ளோம். பல பள்ளிகளிலிருந்து சிதறி வந்த பிள்ளைகள் வாரத்தில் சில மணி நேரம் ஒன்றுகூடும் இடமும் அதுவே. முதலாம் படிவத்தார் முதல் ஐந்தாம் படிவத்தார் வரை கூடும் தமிழ்மொழிக் கழகமும் அவ்வாறே. பதினைந்து கையொப்பம் சேராததால் அவ்வகுப்பு அமையாமற் போகும்போது, ஒரு பாடத்தோடு ஒரு கூடுமிடத்தையும் இழக்கின்றோம். பெற்றோர் சங்கத்தார் இதனையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

அங்கே என்ன செய்யலாம்? மூத்த மாணவர் ஒருவர்க்கு இளையவர் இருவர் என்று ஒப்படைக்கலாம். முதல் ஒரு மாதம் உணவகத்தில் உடன் அமர்வதும், மலாய்மொழியில் அறிவிப்பு வரும்போது அருகிருந்து விளக்குவதும், பேருந்து நிறுத்தம்வரை உடன் நடப்பதுமே பணி. கழகத்தின் சுவர் இதழில் புதிதாய் வந்தவர்க்கும் ஒரு பத்தி தரலாம். இளையவர் எப்போதும் உதவி பெறுபவராகவே இருந்துவிடக்கூடாது. பண்டூரா கூறிய முதல் ஊற்று, தானே ஒன்றைச் செய்து காண்பதன்றோ? தைப்பூசக் காலத்தில் பினாங்குச் சாலைகளில் அமையும் தண்ணீர்ப் பந்தல்களில் இதனைக் காணலாம். வகுப்பில் வாய்திறவாத பையன் அங்கே வாளியும் குவளையுமாக நின்று, வரிசையை ஒழுங்குபடுத்தி, 'இந்தப் பக்கம் வாங்க' என்று முன்பின் அறியாதவரை அழைக்கின்றான். எவரும் அவனிடம் 'உன்னால் முடியும்' என்று சொல்லவில்லை. மோர் தீருமுன் ஆயிரம் பேர்க்கு ஊற்ற வேண்டியிருந்தது, அவ்வளவே. அவனுக்கு அப்பணியைக் கொடுத்தவனும் அவனைவிட ஈராண்டு மூத்த, அதே தெருப் பையனாகத்தான் இருப்பான். இத்தகைய பணி ஒன்றைக் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே புகுமுக வகுப்பு மாணவர்க்குக் கொடுக்க எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. தமிழ்மொழிக் கழகத்தின் முதற்கூட்டத்தில் நாற்காலி அடுக்கும் பொறுப்பிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.